நிரல் அனுமதிப்பட்டியல் முறையின் வரலாறு

நிரல் அனுமதிப்பட்டியல் முறை என்பது, ஒரு கணினியில் எந்தெந்த நிரல்கள் இயங்கலாம் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் வகுத்து, அதில் இல்லாத எதையும் இயங்கவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு ஆகும். ஆங்கில வழக்கில் வைட்லிஸ்ட்டிங் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட இம்முறை, நச்சுநிரல்களைத் தேடிப்பிடித்து நீக்கும் வழக்கமான முறைக்கு நேர்மாறானது. வங்கிகளின் ஏடிஎம் இயந்திரங்கள், தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டுக் கணினிகள், அரசு அலுவலகக் கணினிகள், விளையாட்டுப் பெட்டிகள், திறன்பேசிகள் ஆகியவற்றில் இது வெவ்வேறு வடிவங்களில் பயன்படுகிறது.

இதன் அடிப்படைக் கருத்து 1960களிலேயே தோன்றிவிட்டது. எனினும் அலுவலகக் கணினிகளில் இது நடைமுறைக்கு வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதத்தின் காரணங்களையும், பட்டியலை எழுதும் உரிமை யாருக்கு உரியது என்று பின்னர் எழுந்த கேள்வியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைக் கருத்து

வாக்குச்சாவடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே வாக்காளர் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். வாக்களிக்கக் கூடாதவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு, மற்ற அனைவரையும் அனுமதிக்கும் வழக்கம் எங்கும் இல்லை. அப்படி ஒரு பட்டியலை எழுதி முடிக்கவும் முடியாது.

காவல் நிலையத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தேடப்படுவோர் படங்கள் இன்னொரு வகை. படத்தில் உள்ளவர் வந்தால் அடையாளம் தெரியும். முதன்முறையாகத் திருட வருபவரின் படம் அங்கே இருக்காது.

முன்னது அனுமதிப்பட்டியல், பின்னது தடைப்பட்டியல். நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்கள் நெடுங்காலம் தடைப்பட்டியலையே நம்பி வந்தன. ஒரு நச்சுநிரல் எங்காவது சிலரைத் தாக்கி, அதன் மாதிரி ஆய்வுக்கூடத்துக்கு வந்து, அடையாளக் குறி எழுதப்பட்டு, அது மற்றவர்களின் கணினிக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். முதலில் தாக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பட்டியலால் பயனில்லை.

கருத்தின் தோற்றம்

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் ஆகிய இருவரும் கணினித் தகவல் பாதுகாப்பு குறித்து ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டனர். பாதுகாப்பு அமைப்புகளை வடிவமைக்கும்போது பின்பற்ற வேண்டிய நெறிகள் சிலவற்றை அதில் தொகுத்துத் தந்தனர். அவற்றுள் ஒன்று, விலக்குவதன் அடிப்படையில் அல்லாமல் அனுமதிப்பதன் அடிப்படையில் முடிவெடுக்க வேண்டும் என்பது. இந்த நெறியை 1965இலேயே கிளேசர் என்பவர் முன்வைத்தார் என்றும் அவர்கள் குறிப்பிட்டனர்.

இதற்கு அவர்கள் கூறிய காரணம் எளிமையானது. அனுமதி தரும் அமைப்பில் பிழை நேர்ந்தால், அனுமதி பெற வேண்டியவருக்கு அது கிடைக்காமல் போகும். அவர் உடனே முறையிடுவார். பிழை வெளியே தெரிந்துவிடும். தடை செய்யும் அமைப்பில் பிழை நேர்ந்தால், தடுக்கப்பட வேண்டியவர் உள்ளே போய்விடுவார். அவர் முறையிடப் போவதில்லை. ஆகவே பிழை கண்ணில் படாமலே கிடக்கும்.

அந்தக் கட்டுரை பேசியது பெரும்பாலும் பல பயனர்கள் பகிர்ந்துகொண்ட பெரிய கணினிகளைப் பற்றியது. எந்தப் பயனர் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதே அன்றைய முதன்மையான கவலை. ஒருவர் தாமே விரும்பி இயக்கும் நிரல் அவருக்கே பகையாக மாறும் நிலை பரவலாகாத காலம் அது.

நச்சுநிரல்களும் தடைப்பட்டியலும்

1983ஆம் ஆண்டு நவம்பரில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் பிரெட் கோகன், தன்னைத் தானே பிற நிரல்களுக்குள் படியெடுத்துக்கொள்ளும் ஒரு நிரலைச் சோதனைக்காக எழுதிக் காட்டினார். 1984இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஒரு நிரல் நச்சுநிரலா இல்லையா என்பதை எல்லாச் சூழலிலும் பிழையின்றிக் கண்டறியும் பொதுவழி இருக்க முடியாது என்று வாதிட்டது. தடைப்பட்டியல் ஒருபோதும் முழுமை பெறாது என்பதற்கான கோட்பாட்டு அடிப்படை இவ்வாறு தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

ஆனால் நடைமுறை வேறு திசையில் சென்றது. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் என்ற நச்சுநிரல், ஐபிஎம் வகைத் தனிமேசைக் கணினிகளில் நெகிழ்வட்டுகள் வழியாகப் பரவியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் தனி வணிகமாக வளர்ந்தது. அறியப்பட்ட நச்சுநிரல்கள் சில நூறாக இருந்தவரை தடைப்பட்டியலைப் பராமரிப்பது எளிதாகவே இருந்தது. வீட்டிலும் கடையிலும் கணினி வாங்கியவர்கள் புதுப்புது மென்பொருள்களைப் போட்டுப் பார்க்க விரும்பினார்கள். எதைப் போட்டாலும் முன்அனுமதி கேட்கும் கணினியை அன்று யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

1992இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம், யூஜின் ஸ்பாஃபோர்டு ஆகியோர் டிரிப்வயர் என்ற கருவியை உருவாக்கினர். இது யூனிக்ஸ் கணினியின் முக்கியக் கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கக் குறியீட்டைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். பின்னர் மறுபடி கணக்கிட்டு, குறியீடு மாறியிருந்தால் எச்சரிக்கும். இது நிரலைத் தடுக்கவில்லை. மாற்றம் நடந்ததைச் சொன்னது, அவ்வளவே. ஆயினும் நல்லது எது என்று எழுதி வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடும் பழக்கத்தைக் கணினி நிருவாகிகளிடையே பரப்பியதில் இதற்குப் பங்குண்டு.

விளையாட்டுப் பெட்டியில் ஒரு பூட்டு

வீடுகளுக்குள் அனுமதிமுறை முதலில் நுழைந்தது பாதுகாப்பின் பெயரால் அல்ல, வணிகத்தின் பெயரால். 1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டியில் 10என்இஎஸ் என்ற பூட்டுச் சில்லு இருந்தது. பெட்டிக்குள் ஒரு சில்லு, விளையாட்டுப் பேழைக்குள் அதன் இணைச் சில்லு. இரண்டும் ஒன்றோடொன்று குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். அவை பொருந்தாவிட்டால் பெட்டி மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்கே திரும்பும், விளையாட்டு ஓடாது. இதனால் நின்டெண்டோவிடம் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அந்தப் பெட்டிக்கு விளையாட்டுகளை விற்க முடிந்தது.

அட்டாரி கேம்ஸ் நிறுவனம் இந்தப் பூட்டைத் திறக்க முயன்றது. அதற்காக அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பூட்டு நிரலின் படியைப் பொய்க் காரணம் காட்டிப் பெற்றது வழக்கில் வெளிவந்தது. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நின்டெண்டோவுக்குச் சாதகமாக முடிவு செய்தது. பெட்டியை விலைகொடுத்து வாங்கியவர் அதில் எதை இயக்கலாம் என்பதை, விற்றவர் தீர்மானிக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

விண்டோஸ் கணினிகளில் அனுமதிப்பட்டியல்

2000ஆம் ஆண்டு மே மாதம் ஐ லவ் யூ என்ற தலைப்புடன் வந்த மின்னஞ்சல் உலகெங்கும் கணினிகளைப் பாதித்தது. இணைப்பாக வந்த சிறு நிரலைப் பயனர்கள் காதல் கடிதம் என்று எண்ணித் தாங்களே திறந்தனர். திறந்ததும் அது இயங்கியது. எதுவாயினும் இயங்கலாம் என்ற அன்றைய இயல்புநிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை இது வெளிப்படையாகக் காட்டியது.

2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் மைக்ரோசாப்ட் நிறுவனம் மென்பொருள் கட்டுப்பாட்டுக் கொள்கை என்ற வசதியைச் சேர்த்தது. நிருவாகி விரும்பினால், எல்லாம் தடை, குறிப்பிட்டவை மட்டும் அனுமதி என்று கணினியை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாம் அனுமதி என்பதே இயல்புநிலையாக விடப்பட்டது. விதிகளை எழுதுவதும் பராமரிப்பதும் கடினமாக இருந்ததால் இதைப் பயன்படுத்திய அலுவலகங்கள் குறைவே.

2005இல் பாதுகாப்பு வல்லுநர் மார்க்கஸ் ரானம் கணினிப் பாதுகாப்பின் மடமைகளைப் பற்றி எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. எதையும் இயல்பாக அனுமதிப்பதையும், கெட்டவற்றை எண்ணி எண்ணிப் பட்டியலிடுவதையும் அவர் அந்த வரிசையில் முதலில் வைத்தார். ஒருவர் தம் கணினியில் உண்மையில் பயன்படுத்தும் நிரல்கள் சில பத்துகளே. உலகில் உள்ள கெட்ட நிரல்களோ பல்லாயிரம். சிறிய பட்டியலை விட்டுவிட்டுப் பெரிய பட்டியலைத் துரத்துவது ஏன் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

2009இல் விண்டோஸ் 7 உடன் ஆப்லாக்கர் என்ற மேம்பட்ட வசதி வந்தது. பயனர் குழுவுக்கு ஏற்ப விதிகள் வகுக்கவும், உண்மையில் தடுக்காமல் எவை தடுக்கப்பட்டிருக்கும் என்று மட்டும் பதிவு செய்து பார்க்கவும் இதில் முடிந்தது. இந்த வெள்ளோட்ட வசதி முக்கியமானது. பட்டியலில் ஒரு நிரல் விடுபட்டால் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையே நின்றுபோகலாம் என்ற அச்சமே பல நிருவாகிகளைத் தயங்க வைத்திருந்தது.

நிரலை அடையாளம் காணும் வழிகள்

பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. வந்திருப்பவர் அந்தப் பெயருக்கு உரியவர்தானா என்று பார்க்க வேண்டும். கள்ள ஓட்டுச் சிக்கல் கணினியிலும் உண்டு. நிரலை அடையாளம் காண மூன்று வழிகள் பெரிதும் வழக்கில் உள்ளன.

முதலாவது, இருப்பிடம். குறிப்பிட்ட கோப்புறையில் உள்ள நிரல்கள் எல்லாம் இயங்கலாம் என்பது விதி. இது எளிது. ஆனால் அந்தக் கோப்புறைக்குள் எழுதும் உரிமை பெற்ற எவரும் தம் நிரலை அங்கே வைத்துவிடலாம்.

இரண்டாவது, ஹாஷ் மதிப்பு. இது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மதிப்பு மாறிவிடும். மிகவும் நம்பகமானது என்றாலும், மென்பொருள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியீட்டாளரின் மின்கையொப்பம். இன்ன நிறுவனம் கையொப்பமிட்ட நிரல்கள் இயங்கலாம் என்று ஒரே விதியில் முடித்துவிடலாம். புதுப்பிப்புகளுக்குத் தனி வேலை இல்லை. ஆனால் இங்கே நாம் நிரலை நம்பவில்லை, கையொப்பமிட்டவரை நம்புகிறோம்.

அரசுகளின் ஏற்பு

ஆஸ்திரேலியப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கிய சமிக்ஞைப் புலனாய்வு அமைப்பு, 2010இல் இணையவழி ஊடுருவல்களைத் தடுக்கும் உத்திகளின் பட்டியலை வெளியிட்டது. நிரல் அனுமதிப்பட்டியல், செயலிகளைப் புதுப்பித்தல், இயங்குதளத்தைப் புதுப்பித்தல், நிருவாகி உரிமைகளைக் குறைத்தல் ஆகிய நான்கும் அதில் முதன்மை இடம்பெற்றன. தாங்கள் கையாண்ட ஊடுருவல்களில் குறைந்தது 85 விழுக்காட்டை இந்த நான்கே தடுத்திருக்கும் என்று அவ்வமைப்பு கூறியது. 2013இல் இவை ஆஸ்திரேலிய அரசு நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டன.

கட்டாயமாக்குவதும் நிறைவேற்றுவதும் ஒன்றல்ல. 2014இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 7 அரசு நிறுவனங்களை ஆய்வு செய்தபோது, ஒன்றுகூட நான்கு உத்திகளையும் முழுமையாக நிறைவேற்றியிருக்கவில்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2015இல் இம்முறைக்கெனத் தனி வழிகாட்டி நூலை வெளியிட்டது.

இந்தியாவில் ஏடிஎம் இயந்திரங்கள்

ஏடிஎம் இயந்திரத்துக்குள் இருப்பது ஒரு சாதாரணக் கணினியே. 2010இல் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் பார்னபி ஜாக் என்ற ஆய்வாளர் இரண்டு ஏடிஎம் இயந்திரங்களை மேடையிலேயே பணம் கொட்ட வைத்துக் காட்டினார். 2013இல் மெக்சிகோவில் புளூட்டஸ் என்ற தீம்பொருள், இயந்திரத்தில் உள்ள பணத்தை அட்டையே இல்லாமல் வெளியேற்றப் பயன்பட்டது.

2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திய பிறகும் இந்தியாவின் ஏடிஎம்கள் பல அதிலேயே இயங்கின. இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21 அன்று வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. யுஎஸ்பி துளைகளை முடக்குவது போன்ற உடனடி நடவடிக்கைகளை 2018 ஆகஸ்டுக்குள் முடிக்க வேண்டும். அட்டைத் தகவல் திருட்டைத் தடுக்கும் கருவியையும் அனுமதிப்பட்டியல் மென்பொருளையும் 2019 மார்ச்சுக்குள் பொருத்த வேண்டும். ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு எல்லா இயந்திரங்களையும் 2019 ஜூனுக்குள் மாற்ற வேண்டும் என்று அது காலக்கெடு விதித்தது.

அனுமதிப்பட்டியலுக்கு ஏடிஎம் மிகப் பொருத்தமான இடம். அது செய்யும் வேலைகள் சில. அவை நாள்தோறும் மாறுவதில்லை. அதில் புது மென்பொருள் போட்டுப் பார்க்க யாரும் ஆசைப்படுவதில்லை. மாணவர்களும் ஆய்வாளர்களும் நாள்தோறும் புதிய நிரல்களை எழுதி இயக்கும் கல்லூரிக் கணினிக்கு இதே முறையைப் பொருத்துவது மிகவும் கடினம்.

பட்டியல் தோற்ற இடங்கள்

2003 ஜனவரி 25 அன்று பரவிய சிலாமர் புழு, பாதிக்கத்தக்க நிலையிலிருந்த சுமார் 75,000 கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடங்களில் தொற்றியது. 376 பைட்டுகளே கொண்ட அது வன்தட்டில் கோப்பாக அமரவே இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தரவுத்தள மென்பொருளின் நினைவகத்துக்குள்ளேயே வாழ்ந்தது. புதிய நிரல் எதுவும் தொடங்காதபோது வாசலில் பட்டியலுடன் நிற்பவருக்கு வேலையில்லை.

2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் அணுச் செறிவூட்டல் இயந்திரங்களைக் குறிவைத்தது. அதன் சில பகுதிகள், தைவானைச் சேர்ந்த ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய நிறுவனங்களின் திருடப்பட்ட சான்றிதழ்களால் கையொப்பமிடப்பட்டிருந்தன. 2012இல் வெளிப்பட்ட பிளேம் என்ற தீம்பொருள், எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையின் பலவீனத்தைப் பயன்படுத்தி மைக்ரோசாப்டின் கையொப்பத்தையே போலியாக உருவாக்கியது.

அனுமதிப்பட்டியல் மென்பொருளையே விற்று வந்த பிட்9 நிறுவனம், தன் வலையமைப்புக்குள் புகுந்தவர்கள் தன் கையொப்பச் சான்றிதழைக் கொண்டு தீம்பொருள்களுக்குக் கையொப்பமிட்டுவிட்டதாக 2013 பிப்ரவரியில் அறிவித்தது. தனது சொந்தக் கணினிகள் சிலவற்றில் தன் மென்பொருளை நிறுவாமல் விட்டதே இதற்கு வழிவகுத்தது என்றும் ஒப்புக்கொண்டது. 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் நிகழ்வில், முறையாகக் கையொப்பமிடப்பட்ட புதுப்பிப்புக்குள்ளேயே பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது. நம்பிக்கைக்குரியவரின் கையெழுத்துடன் வந்ததால் அது தடையின்றி உள்ளே சென்றது.

இன்னொரு வழியும் உண்டு. பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ள பவர்ஷெல் போன்ற விண்டோஸின் சொந்தக் கருவிகளைக் கொண்டே தம் வேலையை முடித்துக்கொள்ளத் தாக்குநர்கள் கற்றுக்கொண்டனர். வெளியிலிருந்து எந்த நிரலையும் கொண்டுவராமல் வீட்டிலிருக்கும் அரிவாளையே எடுத்துக்கொள்வது போன்றது இது. ஆகவே பிற்காலப் பட்டியல்கள், எந்த நிரல் இயங்கலாம் என்பதோடு எந்தச் சிறுநிரலை அது ஏற்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டியதாயிற்று.

பட்டியல் யாருடையது?

மேலே கண்ட அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கணினியின் உரிமையாளரே பட்டியலையும் எழுதுகிறார். தனிமனிதரின் கருவிகளில் நிலைமை வேறு.

டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவி, கட்டற்ற மென்பொருளான லினக்ஸைக் கொண்டு இயங்கியது. லினக்ஸின் உரிமப்படி யாரும் அதை மாற்றி எழுதலாம். ஆனால் மாற்றி எழுதியதை அந்தக் கருவி இயக்க மறுத்தது. நிறுவனம் கையொப்பமிட்டதை மட்டுமே ஏற்றது. மாற்றும் உரிமையை ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதாகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் எதிர்த்தனர். 2007 ஜூன் 29 அன்று வெளியான குனூ பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் இத்தகைய பூட்டுகளுக்கு எதிரான விதி சேர்க்கப்பட்டது.

2008 ஜூலையில் ஆப்பிள் தொடங்கிய செயலிக் கடை, அனுமதிப்பட்டியலைக் கோடிக்கணக்கான மக்களின் கைகளுக்குக் கொண்டுவந்தது. ஆப்பிள் ஒப்புதல் அளிக்காத செயலியை ஐபோன் இயக்காது. இதனால் சாதாரணப் பயனர்களுக்குப் பெரிய பாதுகாப்பு கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. அதே நேரத்தில் எந்தச் செயலி மக்களைச் சென்றடையலாம், அதன் விற்பனையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அந்த ஒரு நிறுவனமே தீர்மானித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைச் சட்டத்தின் விளைவாக, 2024 மார்ச் முதல் அங்கு வேறு செயலிக் கடைகளுக்கும் ஆப்பிள் இடமளிக்க வேண்டியதாயிற்று.

2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய பாதுகாப்பான தொடக்கம் என்ற ஏற்பாடு, கையொப்பமிடப்பட்ட இயங்குதளம் மட்டுமே கணினியில் தொடங்க வேண்டும் என்றது. இதனால் லினக்ஸ் பயனர்களிடையே அச்சம் எழுந்தது. வழக்கமான மேசைக் கணினிகளில் இதை அணைத்துவைக்கப் பயனருக்கு வழி விடப்பட்டது. ஏஆர்எம் வகைச் சில்லு கொண்ட விண்டோஸ் கருவிகளில் அந்த வழி விடப்படவில்லை. தொழில்நுட்பம் இரண்டிலும் ஒன்றே. சாவி யாரிடம் என்பதில்தான் வேறுபாடு.

பெயர் மாற்றம்

வெள்ளையை நல்லதாகவும் கறுப்பைக் கெட்டதாகவும் காட்டும் சொற்கள் பொருத்தமல்ல என்று கருதி, பிரித்தானியாவின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் 2020இல் வைட்லிஸ்ட், பிளாக்லிஸ்ட் ஆகிய சொற்களைக் கைவிட்டது. ஆஸ்திரேலிய ஆவணங்கள் இப்போது நிரல் கட்டுப்பாடு என்ற பெயரை வழங்குகின்றன. தமிழில் அனுமதிப்பட்டியல், தடைப்பட்டியல் என்ற சொற்கள் நிறத்தைச் சாராமல் பொருளை நேரே உணர்த்துவதால் இச்சிக்கல் எழவில்லை.

இன்றைய நிலை

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளுக்கு மாற்றாக அல்லாமல், அதனோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய ஒன்றாகவே அனுமதிப்பட்டியல் இன்று கருதப்படுகிறது. பணிகள் குறைவாகவும் நிலையாகவும் உள்ள கணினிகளில் இது சிறந்த பயன் தருகிறது. அலுவலகக் கணினிகளில் வெற்றி பெற, பட்டியலைத் தொடர்ந்து திருத்தும் பொறுப்பாளர் ஒருவரும், விடுபட்ட நிரலை விரைவில் சேர்த்துத் தரும் நடைமுறையும் தேவை. இல்லையேல் ஊழியர்களின் முறையீடு தாங்காமல் விதிகள் ஒவ்வொன்றாகத் தளர்த்தப்பட்டு, பட்டியல் பெயரளவில் மட்டும் எஞ்சும்.

இம்முறையைத் தம் நிறுவனத்திலோ கருவியிலோ ஏற்பவர் மூன்றைக் கேட்டறிவது நல்லது. பட்டியலை எழுதுபவர் யார்? அவருடைய சாவி திருடுபோனால் எப்படித் தெரியவரும்? ஒரு நிரல் தவறாகத் தடுக்கப்பட்டால் யாரிடம் முறையிடலாம்? வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டவருக்கு முறையிட ஓர் அலுவலகமும் சட்டமும் உண்டு. கணினியின் பட்டியலுக்கும் அத்தகைய வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தே, அது உரிமையாளரைக் காக்கும் காவலா, அவரையும் சேர்த்து வெளியே நிறுத்தும் பூட்டா என்பது முடிவாகும்.